கண் திறந்த படம்

இரண்டாம் தவணை தொடங்கிய கிழமையில், பக்கத்தில் இருக்கும் நண்பரின் முகத்தைப் பார்த்துக் கீறுங்கள் என்று தரம் 6 பிள்ளைகளிடம் சொன்னேன். நாற்பது நிமிடப் பாடம் முடிந்தபோது 34 பிள்ளைகளும் ஒரே முகத்தைக் கீறி வைத்திருந்தார்கள். வட்டத் தலை, மீன் வடிவக் கண்கள், ‘ட’ எழுத்தைப் போன்ற மூக்கு, சிவப்பில் ஒரு சிரிப்பு. நிறம் தீட்டுவதற்குப் பாஸ்டல் பெட்டியில் பிள்ளைகள் ‘உடம்புக் கலர்’ என்று அழைக்கும் வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சியை எல்லாரும் தேய்த்திருந்தார்கள். அந்த நிறத்தில் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. பக்கத்தில் இருந்த நண்பரை அந்த நாற்பது நிமிடத்தில் எவரும் நிமிர்ந்து பார்த்ததாகவும் தெரியவில்லை.

‘பார்த்துக் கீறுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை என்று அன்றைக்கு உணர்ந்தேன். ஒரு முகத்தை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துக் கீறுவதை இந்தப் பிள்ளைகள் ஒருபோதும் கண்டதில்லை. எனவே, தவணை முடிவதற்குள் இடாப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் எனக்கு எதிரே இருத்தி, முகத்தை வரைந்து, படத்தை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதிபர் சம்மதித்தார். பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்கினேன். படங்களை இணையத்தில் ஏற்றுவதில்லை என்று அந்தக் கடிதத்தில் உறுதியளித்திருந்ததால், இங்கே எழுத்து மட்டுமே இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களும் இல்லை.

எங்கள் பாடசாலை திருகோணமலை நகரத்தின் கடற்கரைப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் மீன்பிடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சுவரேறி நின்றால் கடல் தெரியும். ஆனாலும் ‘காட்சி’ கீறச் சொன்னால் இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியனை வைப்பார்கள். நாள்தோறும் கடலுக்குள் இருந்து சூரியன் எழும்பும் ஊரில் பிறந்த பிள்ளைகள் இப்படிக் கீறுவதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

முகம் வரைவது எனக்குப் புதிய வேலை இல்லை, ஆனால் நான் வரைந்து பழகியவை உயிருள்ள முகங்கள் அல்ல. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது நான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, வேலையில்லாமல் இருந்த பையன். ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அல்பத்தை எடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு முழுவதும், எனக்குப் படம் கீறத் தெரியும் என்று கேள்விப்பட்டவர்கள் தேடி வந்தார்கள். யாரோ உறவினர் வீட்டில் தப்பியிருந்த கலியாணப் படத்தின் ஒரு மூலை, அடையாள அட்டையின் மங்கலான போட்டோப் பிரதி, உப்புத் தண்ணீரில் பாதி கரைந்த கடவுச்சீட்டுப் படம் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வந்து, ‘பெரிசாக் கீறித் தாங்கோ தம்பி’ என்பார்கள். படத்தின் மேல் கால் அங்குலக் கட்டங்கள், தாளில் இரண்டு அங்குலக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து எட்டு மடங்கு பெருப்பித்துக் கொடுப்பேன். அவற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மாலை சாத்தி, முன்னால் ஒரு சிறிய சிவப்பு விளக்கை எரியவிட்டார்கள். போரில் போனவர்களின் படங்களும் அதே வரிசையில் வந்தன. எத்தனை கீறினேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. பணம் வாங்கக் கூச்சமாக இருந்தாலும், வாங்காமல் இருக்கிற நிலைமையில் என் வீடும் இருக்கவில்லை.

அந்த இரண்டு மூன்று ஆண்டுப் பழக்கம் கையை எவ்வளவு ஆழமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை முதல் ஐந்து பிள்ளைகளை வரைந்தபோதுதான் கண்டுகொண்டேன். முதலாவதாக இருந்த சிறுமி படத்தை வாங்கிப் பார்த்து, ஒரு கணம் யோசித்து, “சேர், இது எங்கட அம்மா” என்றாள். வகுப்பு சிரித்தது. மறுநாள் இருந்த பையனைக் கீறியபோது அவனுடைய சித்தப்பாவைப் போல இருப்பதாக அவனது நண்பர்களே சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. வளர்ந்தவரின் தலையை உச்சியிலிருந்து நாடி வரை அளந்தால் கண்கள் ஏறத்தாழச் சரிபாதியில் இருக்கும். கைக்குழந்தைக்கு அந்த நடுக்கோட்டிலிருந்து நன்றாகக் கீழே இருக்கும். பத்துப் பதினொரு வயதில் கண்கள் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றன. கண்கோளம் மிக இளவயதிலேயே பெரியவர்களின் அளவை நெருங்கிவிடுகிறது, ஆனால் மூக்கும் தாடையும் பதின்வயதில்தான் நீள்கின்றன. பிள்ளைகளின் கண்கள் பெரிதாகத் தோன்றுவது இதனால்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும், கரும்பலகையில் கோடு போட்டுக் கற்பித்தும் இருக்கிறேன். இருந்தும் கை, அடையாள அட்டைக்காரர்களின் அளவிலேயே போய் நின்றது. கண்ணைச் சிறிது மேலே ஏற்றி, மூக்கின் தண்டைச் சற்று நீட்டிவிட்டால், பதினொரு வயதுப் பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது வந்துவிடுகிறது. அந்த ஐந்து படங்களையும் மீண்டும் கீறினேன்.

இன்னொரு தொல்லை வெளிச்சம். முகம் வரைவதற்கு வடக்குப் பக்கத்து வெளிச்சமே சிறந்தது, அங்கே வெயில் நேரடியாக விழாது என்று ஐரோப்பிய ஓவியர்களின் வழியில் வந்த பாடம் நமக்கும் சொல்லித் தரப்படுகிறது. நானும் அதை நம்பி வடக்கு விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டேன். ஏப்ரல் நடுப்பகுதியில் எங்கள் உச்சிக்கு மேலாக வடக்கே கடந்து போகும் சூரியன் ஓகஸ்ட் முடியும் வரை நண்பகலில் அந்தப் பக்கமே நிற்கிறது என்பதை, ஒரு பிள்ளையின் நெற்றியில் வெயில் சுள்ளென்று விழுந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். பாரிஸுக்கும் இலண்டனுக்கும் சரியான விதி, பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகைக்குள் இருக்கும் ஊருக்கு ஆண்டின் நடுப்பகுதியில் தலைகீழாகிவிடுகிறது. கதிரையைத் தெற்கு விறாந்தைக்கு மாற்றினேன். அங்கே வெயில் இல்லை, ஆனால் கச்சான் காற்று இருந்தது. மலைநாட்டைத் தாண்டி ஈரத்தை இழந்து வரும் அந்த வறண்ட காற்று பத்து மணிக்கு மேல் தாளைப் பிடுங்கிக்கொண்டு போகும். பலகையின் நான்கு மூலைகளிலும் கவ்விகளைப் போட்டும், கரித்தூள் பறந்து பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் படிந்த நாள்கள் உண்டு.

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் வெள்ளைத் தாளில்தான் பென்சிலால் வரைந்தேன். வெள்ளைத் தாளில் எங்கள் பிள்ளைகளின் நிறத்தைக் கொண்டுவருவதென்றால் முகம் முழுவதையும் தேய்த்துக் கறுப்பாக்க வேண்டும். தாளின் வெள்ளையே இயல்பு, இந்தப் பிள்ளையின் நிறம் அதன்மேல் பூசப்பட்ட இருட்டு என்பதுபோல அந்தப் படம் நின்றது. ஒரு நாள் பிரதான வீதியில் புத்தகக் கடையொன்றில் நின்றபோது, சனவரியில் எல்லா வீடுகளிலும் கொப்பிகளுக்கு உறை போடும் அதே பிரவுண் பேப்பர் சுருள்களைக் கண்டேன். அதன் ஒரு பக்கம் பளபளப்பானது. மறுபக்கம் சொரசொரப்பாகக் கரியை நன்றாகப் பிடிக்கும். தாளே கன்னத்தின் நடுநிறமாகிவிடுவதால், நிழலுக்குக் கரியும் ஒளிக்கு வெண்கட்டியும் போதும். கறுத்த தோலில் ஒளி மென்மையாகப் பரவுவதில்லை, மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் கீழுதட்டின் நடுவிலும் சிறிய கூரிய புள்ளிகளாக மினுங்கும். கரும்பலகை வெண்கட்டியை ஊசிபோலச் சீவி அந்த இடங்களைத் தொட்டவுடன் முகம் தாளிலிருந்து எழும்பி வரும். பிள்ளைகள் எனக்குப் பின்னால் கூட்டமாக நின்று காத்திருந்ததும் அந்தக் கட்டத்திற்காகத்தான்.

கரியை வீட்டிலேயே செய்துகொண்டேன். செவ்வரத்தைக் குச்சிகளைப் பட்டை சீவி, காயவைத்து, மூடியில் ஆணித்துளை போட்ட பால்மா டின்னுக்குள் அடுக்கி அடுப்பில் வைத்தால், துளையால் வரும் புகை நின்றதும் கரி ஆயத்தம். தவறாகப் போன கோட்டை எடுப்பதற்கு அழிறப்பரை விட, பாணின் உள்ளே இருக்கும் மெதுவான பகுதியை உருட்டி ஒற்றுவது நல்லது. இடைவேளைக்குக் கொண்டு வந்த பாணிலிருந்து கிள்ளித் தருவதற்குப் பிள்ளைகளிடையே போட்டி இருந்தது. முடித்த படத்தில் கரி உதிராமல் இருக்கத் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைப் பாவித்தேன். அதை வாங்கப் போன கடையில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்து இருந்தவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். கதிரையில் இருந்தவுடனே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “என்னைக் கொஞ்சம் வெள்ளையாக் கீறுங்கோ சேர்” என்றாள். வீட்டுப் போனில் படம் எடுத்தால் முகம் தானாகவே வெளுத்து வரும் என்றும், அந்தப் படங்களில் தான் வடிவாக இருப்பதாகவும் சொன்னாள். நான் பிரசங்கம் செய்யவில்லை. தாளின் ஒரு துண்டைக் கிழித்து அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிறகு கண் இமையின் ஓரத்தையும், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய மயிரில் ஓடும் ஒளிக் கீற்றையும், நெற்றிச் சந்தனத்திற்குக் கீழே மூக்கின் தண்டில் இறங்கும் வெளிச்சத்தையும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனேன். அந்த வரிசையில் நான் செய்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவள் வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, சுருட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து அந்தப் படத்தை மேசையில் விரித்து வைத்திருந்ததைக் கண்டபோது, இரண்டு கன்னங்களிலும் வெண்கட்டி மாவு போல அப்பியிருந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அவள் விரல் நுனிகள் வெள்ளையாக இருந்தன.

ஒரு மாணவியின் தந்தை பாடசாலைக்கு வந்து, முகங்களை வரைவது தங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை என்றும், தவறாக எண்ண வேண்டாம் என்றும் மிகவும் மரியாதையாகச் சொன்னார். நான் அவளுடைய கைகளை வரைந்தேன். பெருநாளுக்கு இட்ட மருதாணி நகங்களில் மட்டும் மிச்சமாக இருந்தது. முகத்தை விடக் கைகள் கடினமானவை என்பதைச் சித்திரம் படித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள், அந்தப் பிள்ளைக்கு நான் எடுத்த நேரம் மற்றவர்களுக்கு எடுத்ததை விட இரு மடங்கு.

ஒரு முகத்திற்கு எனக்கு ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்கள் பிடித்தன. இடைவேளையிலும், ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்ட பிறகும் ஒவ்வொருவராக வந்து இருப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் முகத்தில் ஒரு போஸ் இருக்கும். நாடியைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பைக் கடித்துக்கொண்டு, போனுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். அதற்குப் பிறகு போஸ் களைத்துப்போய் விழுந்துவிடும், அப்போதுதான் வரைவதற்கு ஏதாவது கிடைக்கும். ஐந்து மாதமாக வாரம் இரண்டு பாடம் எடுத்த வகுப்பில், ஒருவனின் இடது காது வலது காதை விட முன்னுக்குத் தள்ளி இருக்கிறது என்பதையும், ஒருத்திக்கு ஒரு பக்கப் புருவத்தை வெட்டிக்கொண்டு பழைய தழும்பு ஓடுகிறது என்பதையும், முன்வாங்கில் இருக்கும் கெட்டிக்காரி கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சுருக்குகிறாள் என்பதையும் நான் அதுவரை கண்டிருக்கவில்லை. கடைசியாகச் சொன்னவளின் தாயாரிடம் கண்ணைப் பரிசோதிக்கும்படி சொல்லி அனுப்பினேன். அவள் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். படம் பிழையாகிவிட்டது, கண்ணாடியுடன் இன்னொன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள்.

இனி அந்தப் பையனைப் பற்றி. இடாப்பில் 27ஆவது பெயர். தலைமயிரின் நுனிகள் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் செம்பட்டை பாய்ந்திருக்கும், உதடு வெடித்திருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடப்பதால் அதுவே கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் காலம். அவன் விடிய முன் எழும்பி மாமனுடன் வலை இழுக்கப் போய்விட்டு, அங்கிருந்து நேரே பாடசாலைக்கு வருபவன். காலை ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலையில் இரண்டாம் பாடத்திலேயே அவனுக்குக் கண் சொருகும் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். அதற்காக அவன் அடி வாங்கியதும் உண்டு.

பாடசாலை விட்ட பிறகு கதிரையில் இருத்தினேன். மூன்றாவது நிமிடத்தில் தூங்கிவிட்டான். தலை சற்றுச் சாய்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டது, வாய் லேசாகத் திறந்திருந்தது. தட்டி எழுப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தவணை முழுவதும் ஆடிக்கொண்டே இருந்த முகங்களுக்குப் பின்னால் ஓடிக் களைத்த எனக்கு, அசையாமல் கிடந்த ஒரு முகம் கிடைத்தது. கை தன் பழைய வேலையைக் கண்டுகொண்டதுபோல ஓடியது. மேலிமையின் வளைவு, அதன் கீழே மயிர்களின் நிழல், கழுத்துக் குழியில் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்த உப்பு என்று எல்லாவற்றையும் நிதானமாக வைத்தேன். நல்ல படம். என்னுடைய பெயரைக்கூட அடியில் எழுதினேன், மற்றவர்களின் படங்களில் எழுதவில்லை. அவன் எழும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை அவனுடைய தாய் பாடசாலை வாசலில் நின்றார். படத்தை ஒரு பையில் மடியாமல் வைத்திருந்தார். கோபமாக எதுவும் பேசவில்லை.

“குறை நினைக்காதேங்கோ சேர். நல்ல வடிவாத்தான் கீறியிருக்கிறீங்கள். ஆனா கண் மூடின படத்தை வீட்டில வைக்கேலாது. ஏற்கெனவே ஒண்டு தொங்குது.”

எனக்கு வாய் எழவில்லை. எத்தனையோ வீடுகளில் சிவப்பு விளக்குக்குப் பின்னால் தொங்கவிட நானே கீறிக் கொடுத்தவன். அந்தப் படங்களில்கூட ஒருவருக்கும் கண் மூடியிருக்கவில்லை, அடையாள அட்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு யாரும் படம் எடுப்பதில்லை. உயிரோடு, களைத்துப்போய், என் முன்னால் நம்பித் தூங்கிய ஒரு பிள்ளையை நான்தான் அப்படி ஆக்கி, அவன் கையிலேயே கொடுத்துத் தாயிடம் அனுப்பியிருக்கிறேன். சிற்பிகள் சிலையை முழுவதும் செதுக்கி முடித்துக் கடைசியாகக் கண் திறப்பார்கள் என்று சிறுவயதில் கோயிலில் கேட்டு வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போனது ஏனென்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். படம் நன்றாக வருகிறது என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

படத்தை வாங்கிக்கொண்டு, இன்னொன்று கீறித் தருவதாகச் சொன்னேன். அதே படத்தில் இமையை அழித்துக் கண்ணைத் திறந்துவிடலாம் என்று முதலில் எண்ணியது உண்மை. பாண் துண்டை எடுத்தும் பார்த்தேன். ஆனால் தூங்கும் முகத்தில் கண்ணை மட்டும் திறந்தால் அது வேறொரு பயங்கரம். தசைகள் எல்லாம் தளர்ந்திருக்க, கண் மட்டும் விழித்திருக்கும். புதிதாகத்தான் கீற வேண்டும்.

இந்த முறை சனிக்கிழமை பின்னேரம் அவன் நன்றாகத் தூங்கி எழும்பி வந்தான். கூடவே தாயும் வந்து பக்கத்து வாங்கில் இருந்தார். தூங்காமல் இருக்கட்டும் என்று கரைவலையைப் பற்றிக் கேட்டேன். அதன்பிறகு வாய் மூடவில்லை. வலையின் மடியில் சூடை மீன் கொட்டும்போது எப்படி மினுங்கும், காகங்கள் எந்தப் பக்கத்தால் வரும், கயிறு வழுக்கினால் உள்ளங்கை எப்படி எரியும் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ஒரு கோடும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. வாயை மூன்று தடவை மாற்றினேன், கடைசியில் திறந்தபடியே விட்டேன், மேல்வரிசையில் பாதி முளைத்த வேட்டைப்பல் தெரிந்தது. தாடைக் கோடு இரட்டையாக விழுந்திருந்தது, அதையும் அழிக்கவில்லை. கண்களைக் கடைசியாக வைத்தேன். முன்னைய படத்தோடு ஒப்பிட்டால் இது அவசரமானது, ஒரு காது முடிக்கப்படவே இல்லை. தாய் எட்டிப் பார்த்து, “ஓம், இப்பிடித்தான் இவன்ர வாய்” என்றார்.

மூடிய கண் படத்தை நான் எறியவில்லை. அலுமாரியில், தாள்களுக்கு நடுவே, முகம் உட்பக்கமாக வைத்திருக்கிறேன்.

ஓகஸ்டில் தவணை முடிவதற்கு முந்திய கிழமை, கணித ஆசிரியை ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓய்வறைக்கு வந்து, “சேர், இதைப் பாருங்கோ, உங்கட வேலையா?” என்று கேட்டார். எண்பது பக்கக் கொப்பி. அதற்குப் போட்டிருந்த பிரவுண் உறையில், முன்னட்டையில் திறந்த வாயும் வேட்டைப்பல்லும் ஒரு கண்ணும், முதுகுப் பக்கம் வளைந்து போன மூக்கு, பின்னட்டையில் மற்றக் கண்ணும் முடிக்காத காதும். நாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சுட்டியில் பெயர், தரம், பாடம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக் காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

“வீட்டில தகரம் சேர். ஒட்டினால் காத்துக்கு நிக்காது. கொப்பிக்குப் போட்டால் கிழியாது.”

மடிப்புகளில் கரி உதிரத் தொடங்கியிருந்தது. கொப்பியை ஒரு நாள் என்னிடம் வைத்திருந்து, மேலே இன்னொரு தடவை ஸ்ப்ரே அடித்து, காயவைத்து, மறுநாள் கணிதப் பாடத்திற்கு முன்னால் அவனிடம் கொடுத்தேன்.